பேராசிரியர் டொமோநாகா

அளவிறந்தது என்று ஒரு பொருளைக் கூறுதல் புலவர்க்கு அணியாகும். பௌதிக நூலார்க்கோ அது பேரிடுக்கண். கருவியால் அளந்தறிந்த ஒன்றனைக் கணக்கிடப் புகுந்து, விடையாக முடிவிலியைப் பெறுவாராயின், கணக்கிலேனும் கொள்கையிலேனும் குறையுண்டென்பது தேற்றம். 1930ஆம் ஆண்டையொட்டி எலெக்ட்ரானையும் ஒளியையும் ஒருங்குவைத்து ஆராய்ந்த அறிஞர் அனைவரும் இவ்விடுக்கணில் அகப்பட்டுப் பதினைந்தாண்டுகளுக்கு மேல் வழியறியாது நின்றனர். வழி கண்ட சிலருள் ஒருவர், குண்டுவீச்சால் பாழ்பட்ட நகரொன்றில், உணவும் நூலும் ஒருங்கே அரிதாயிருந்த காலத்து அதனைக் கண்டார். அவரே ஜப்பானியப் பேராசிரியர் டொமோநாகா ஷின்-இச்சிரோ. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

டொமோநாகா 1906ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் டோக்கியோ நகரிற் பிறந்தார். தந்தையார் தத்துவ நூற் பேராசிரியர்; கியோட்டோ சர்வகலாசாலையில் அவர்க்குப் பதவி வாய்த்தமையால் குடும்பம் அந்நகர்க்குப் பெயர்ந்தது. அடிக்கடி நோய்வாய்ப்பட்ட மெலிந்த சிறுவராய் வளர்ந்த டொமோநாகாவுக்கு உயர்நிலைக் கலாசாலையிலும் சர்வகலாசாலையிலும் உடன் பயின்றவர், பின்னாளிற் பெரும்புகழ் எய்திய யுகாவா ஹிடெகி என்பார். இவ்விருவரும் சர்வகலாசாலை புக்க காலத்தேதான் ஐரோப்பாவிற் குவாண்டம் இயக்கவியல் பிறந்தது. அதனைக் கற்பிக்க வல்ல ஆசிரியர் கியோட்டோவில் எவரும் இலர். ஆதலின் இரு மாணவரும் வெளிநாட்டுக் கட்டுரைகளைத் தாமே எழுத்தெண்ணிக் கற்றனர். 1929இல் பட்டம் பெற்றபோது நாடெங்கும் வேலையின்மை மிக்கிருந்தது; சம்பளமில்லாத துணைவர்களாய் அங்கேயே அமர்ந்தனர்.

கோபன்ஹேகனில் போர் என்னும் பேரறிஞரிடம் பயின்று மீண்ட நிஷினா யோஷியோ 1931இல் கியோட்டோ வந்து விரிவுரையாற்றினார். அவ்விரிவுரை டொமோநாகாவின் வாழ்வைத் திருப்பிற்று. மறு ஆண்டே டோக்கியோவிலுள்ள ரிக்கென் ஆராய்ச்சிக் கழகத்தில் நிஷினாவின் கீழ்ச் சேர்ந்தார். ஆங்கு ஆசிரியர் மாணவர் என்னும் வேற்றுமை பாராட்டாது யாவரும் வாதிடுவர். தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்ளும் இயல்பினராகிய இவ்விளைஞர்க்கு அவ்விடம் மருந்தாயிற்று.

அம்மருந்து முழுப்பயன் தந்ததெனல் இயலாது. 1935இல் யுகாவா, அணுக்கருவினுள் நின்று பிணிக்கும் புதியதோர் துகள் உண்டெனக் கூறி, சின்னாளில் உலகறிந்தவரானார். டொமோநாகாவோ 1937 முதல் 1939 வரை ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் ஹைசன்பர்க்கிடம் ஆராய்ச்சி செய்தும், எண்ணியது கைகூடாமையால் மனம் சோர்ந்தார். அக்காலத்து அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் அச்சேறியது. தோழன் முன்னேறத் தாம் பின்தங்கினோமே என்னும் ஏக்கத்தை அதில் அவர் மறைத்தாரில்லை. யுத்தம் மூண்டமையால் 1939இல் தாய்நாடு திரும்பி, 1941இல் டோக்கியோ புன்ரிகா சர்வகலாசாலையிற் பேராசிரியரானார்.

இனி அவ்விடுக்கண் யாதெனச் சிறிது விளக்குதல் வேண்டும். பௌதிக வகுப்பினர் பொறுத்தருள்க. எலெக்ட்ரான் தன்னைச் சூழ ஒரு மின்புலத்தை உண்டாக்குகின்றது. அப்புலத்தில் சக்தி உளது. சக்தி யாதும் நிறையுடைத்தென்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. எனவே எலெக்ட்ரான் தன் புலத்தாலேயே தன் நிறையைப் பெருக்கிக் கொள்கின்றது. எவ்வளவு பெருக்கிக் கொள்கின்றதெனக் கணக்கிட்டால் விடை முடிவிலி. அதன் மின்னூட்டமும் இவ்வாறே முடிவின்றி மாறுகின்றது. இதனைக் கண்டு, கொள்கையையே அடியோடு எறிந்துவிட்டுப் புதியது தேடவேண்டுமெனப் பெரியோர் பலர் கருதினர். டொமோநாகா எறிந்தாரல்லர், உள்ள கொள்கையைத் திருத்தமாக எழுதிப் பார்ப்போம் என்றே கருதினார். அவர்தம் ஏனைய திறன்களினும் இப்பொறுமையே பெரிதென்பது நம் துணிபு.

திருத்தம் எங்ஙனம் செய்தார்? முன்னையோர் வெளி முழுமைக்கும் ஒரே காலத்தை வைத்துக் கணக்கிட்டனர். ஒருவர்க்கு ஒரே காலமாய்த் தோன்றுவது விரைந்து செல்லும் மற்றொருவர்க்கு அங்ஙனம் தோன்றாது என்பது ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை. டிராக் என்னும் ஆங்கிலேயர் 1932இல் துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் வகுத்திருந்தார். டொமோநாகா அதனை விரித்து, வெளியின் புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனிக்காலம் அளித்தார். இதனால், முடிவிலி எந்த உறுப்பினின்று எழுகின்றது என்பதனைக் கலக்கமின்றிப் பிரித்தறிய வழி பிறந்தது. இக்கட்டுரை 1943இல் ஜப்பானிய மொழியில் ரிக்கென் வெளியீட்டில் வந்தது. யுத்தத்தின் நடுவே வந்த அதனைப் பிறநாட்டார் அறிந்திலர். 1946இலேயே ஆங்கிலத்தில் வெளிப்பட்டது.

யுத்த காலத்தில் அவர் கடற்படையினர்க்காக மாக்னெட்ரான் என்னும் மின்னலைக் கருவியையும் அலைக்குழாய்களையும் ஆராய நேர்ந்தது. அதே காலத்து அமெரிக்காவில் ஜூலியன் ஷ்விங்கர் என்னும் இளைஞரும் அலைக்குழாய்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார். பகை நாடுகளிலிருந்த இவ்விருவரும் பின்னர் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்பன்றோ!

1945இல் டோக்கியோ தீக்கிரையாயிற்று. யுத்தம் முடிந்தபின் டொமோநாகா மனைவி மக்களுடன், சேதமுற்ற ஆய்வுச்சாலைக் கட்டடத்திலேயே குடியிருந்தார். மாணவரும் பசியோடு வந்து அவரைச் சூழ்ந்தனர். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்கள் வருவது அரிது. இந்நிலையிலும் வகுப்பு நின்றதில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு இது. அணுக்கருவின் அருகே செல்லும் எலெக்ட்ரான் சிதறுங்கால், அதன் புலத்தால் நேரும் திருத்தத்தை அமெரிக்கராகிய டான்காஃப் 1939இல் கணக்கிட்டு, நிறையினால் விளக்கவியலாத வேறு முடிவிலியும் அங்கு எழுகின்றதெனக் கூறியிருந்தார். அதனாற் பலர் நம்பிக்கை இழந்தனர். 1946இல் சகாட்டா ஷோயிச்சி என்னும் ஜப்பானியர், புதிய புலம் ஒன்றைக் கற்பித்து நிறையின் முடிவிலியை ஈடுசெய்யலாமெனக் காட்டினார். அப்புலம் சிதறலிலும் உதவுமா எனச் சோதிக்க டொமோநாகாவும் மாணவரும் நெடுங்கணக்கில் இறங்கினர். முதலில் உதவாதென விடை வந்தது. மீண்டும் ஆராய்ந்தபோது கணக்கில் பிழை தென்பட்டது. கோபா என்னும் இளைஞர் அதற்குக் கழுவாயாகத் தம் தலையை மழித்துக்கொண்டார். நகைப்பிற்கிடமெனினும், கணக்கை அவர்கள் எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பதற்கு இது சான்று. டான்காஃபின் கணக்கிலும் சில உறுப்புகள் விடுபட்டிருந்தமை இவ்வழியே புலனாயிற்று. அவற்றைச் சேர்க்கவே, நிறையிலும் மின்னூட்டத்திலும் அன்றி வேறெங்கும் முடிவிலி எஞ்சவில்லை.

இதன் பெருமையை ஓர் உவமையால் உணரலாம். நெய்யைப் பாத்திரத்தோடு நிறுக்கின்றோம். பாத்திரத்தினின்று நெய்யைப் பிரிக்க ஒருநாளும் இயலாதெனக் கொள்வோம். அப்போது தராசு காட்டுவது இரண்டன் கூட்டே. தனிநெய்யின் நிறையைப் பற்றிப் பேசுதல் வீண். எலெக்ட்ரானும் தன் புலத்தை விட்டு நீங்கக் கண்டாரில்லை. ஆதலின் தனிநிறையும் புலநிறையும் கூடி வருமிடந்தோறும், கருவியால் அளந்த நிறையையே இட்டுவிடலாம். இம்முறையை மேனாட்டார் ரீநார்மலைசேஷன் என்பர்; ஜப்பானியர் குரிகொமி என்பர். உள்ளே ஏற்றுச் சேர்த்துக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் கருத்து. ஜப்பானியச் சொல்லே பொருத்தமுடைத்தென நமக்குத் தோன்றுகின்றது.

1947இல் லாம்ப், ரெதர்ஃபோர்டு என்னும் அமெரிக்கர் ஹைட்ரஜன் அணுவின் இரு நிலைகளிடையே, பழைய கொள்கைப்படி இருக்கலாகாத ஒரு சிறு வேறுபாட்டை அளந்தனர்; அது வினாடிக்குச் சுமார் 1000 மெகாசைக்கிள். டொமோநாகா இதனை அறிந்தது ஆராய்ச்சி இதழாலன்று; அமெரிக்க வாரப் பத்திரிகையொன்றில் வந்த செய்தியால். கருவி அவர்க்குக் கணக்கு ஒன்றை நேரே அனுப்பினாற்போலாயிற்று. 1948 ஏப்பிரலில் தம் குழுவினர் கண்டவற்றை விளக்கி அவர் ஓப்பன்ஹைமர்க்குக் கடிதம் எழுதினார். ஷ்விங்கரின் முறையைச் சின்னாள் முன்னரே கேட்டு வியந்திருந்த ஓப்பன்ஹைமர், அக்கடிதத்தைக் கண்டு திகைத்து, சுருக்கமொன்று அனுப்புமாறு தந்தியடித்தார். அச்சுருக்கம் அவ்வாண்டே அமெரிக்க இதழில் வெளிவந்தது. கார்னெல் சர்வகலாசாலையில் அந்நாளிற் பயின்ற டைசன், ஜப்பானினின்று வந்த மட்டமான தாளில் அச்சிட்ட இதழ்களில் டொமோநாகாவின் முறையைக் கண்டார். அதுவும், ஷ்விங்கர், ஃபைன்மன் ஆகியோர் முறைகளும் ஒன்றேயென 1949இல் அவர் நிறுவினார்.

எஞ்சிய வாழ்வைச் சுருக்குவோம். 1949இல் டொமோநாகா பிரின்ஸ்டன் சென்று ஓராண்டு தங்கினார். 1956இல் டோக்கியோ கல்விச் சர்வகலாசாலையின் தலைவரானார். அணுவாயுதத்தை எதிர்த்துக் கூடிய பக்வாஷ் மாநாட்டிற்கு 1957இல் யுகாவாவுடன் சென்றார். 1965இல் ஷ்விங்கர், ஃபைன்மன் ஆகியோருடன் நோபெல் பரிசு கிடைத்தது. விலாவெலும்பு முறிந்தமையால் ஸ்டாக்ஹோம் செல்லாது, மறு ஆண்டு டோக்கியோவிலேயே பரிசு விரிவுரை நிகழ்த்தினார். ராகுகோ என்னும் நகைச்சுவைக் கதைகூறலில் அவர் பெருவிருப்பினர். தொண்டையிற் புற்றுநோய் கண்டு, 1979ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஓராண்டு கழித்து ஷ்விங்கர் ஜப்பான் வந்து நினைவுச் சொற்பொழிவாற்றினார். ஷின்-இச்சிரோ என்னும் பெயரின் முதலெழுத்துக்கு அசைத்தல், ஆட்டுதல் என்பது பொருள். ஷ்விங்கர் என்னும் ஜெர்மானியப் பெயருக்கும் ஆட்டுபவர் என்றே பொருள் கொள்ளலாம். இவ்வொற்றுமையையே அவர் தம் சொற்பொழிவின் தலைப்பாக்கினார்.