சிரிக்க வைத்த கபிலர்

சேர மன்னன் செல்வக் கடுங்கோ ஒருநாள் ஒரு புலவரின் கையைப் பிடித்தான். கை பூப்போல மெத்தென்று இருந்தது. மன்னனுக்கு ஆச்சரியம். இது எப்படி இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று கேட்டான்.

புலவர் கொஞ்சமும் தயங்கவில்லை. மன்னனின் கை யானையை அடக்கும் கை. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கும் கை. வில்லை வளைக்கும் கை. அது காய்த்துத்தான் போகும். ஆனால் அவனைப் பாடிப் பிழைப்பவர்களுக்கு என்ன வேலை? அவன் போடும் கறியையும் சோற்றையும் எடுத்து வாயில் வைப்பதுதான் வேலை. அந்தக் கை எப்படிக் காய்க்கும்? இப்படிச் சொன்னார் புலவர்.

மன்னனையும் புகழ்ந்தாகிவிட்டது. தன்னையும் கேலி செய்துகொண்டாகிவிட்டது!

அந்தப் புலவர்தான் கபிலர். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். சங்க நூல்களில் அவர் பாட்டுகள் 200-க்கு மேல் இருக்கின்றன. வேறு எந்தப் புலவரும் அத்தனை பாடவில்லை. (கபிலர் என்ற பெயரில் பிற்காலத்திலும் புலவர்கள் உண்டு. நாம் பார்ப்பது பாரியின் நண்பரை.)

மலையும் காதலும்

கபிலருக்கு மலை என்றால் உயிர். மலை நாட்டுக் காதலைப் பாடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிரகத்தன் என்ற வடநாட்டு அரசனுக்குத் தமிழரின் காதல் வழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு தனி நூலே பாடினார். அதுதான் குறிஞ்சிப்பாட்டு. அதில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார்.

காதலிலும் அவருக்கு வேடிக்கை உண்டு. ஒருத்தியை ஒருவன் யாரும் அறியாமல் சேர்ந்து, கைவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். பிறகு ஆளைக் காணோம். பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது? சாட்சி யார்? அவனே திருடன், அவனைத் தவிர அங்கே வேறு மனிதர் இல்லை. பக்கத்தில் ஒரு கொக்கு நின்றது. அதுவும் ஓடும் நீரில் மீன் எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தது! கபிலர் பாட்டில் அந்தப் பெண் இப்படிப் புலம்புகிறாள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவள் நிலையை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

காரிக்குச் சொன்ன புத்தி

பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். அந்தக் காலத்தில் அதன் பெயர் கோவலூர். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது இந்த ஊர் அதில் சேர்ந்தது. கல்வராயன் மலையும் இதே மாவட்டத்தில்தான்.

கோவலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக் காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். கேட்டவருக்கெல்லாம் தேரைக் கொடுப்பான்.

காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டு, அந்த மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது. காரி குடிக்காமல் தெளிவாக இருக்கும்போதே கொடுக்கிறானே, அதுதான் பெரிது என்றார் கபிலர்.

இன்னொரு முறை கேலியாகவே ஒரு கணக்குப் போட்டார். காரியின் நாடு அந்தணர்களுக்குப் போய்விட்டது. துணைக்கு அழைக்கும் அரசர்கள் அனுப்பும் பொருளோ இரவலர்களுக்குப் போய்விடுகிறது. காரிக்கு என்று மிச்சம் இருப்பது அவன் மனைவியின் தோள் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டா இத்தனை பெருமிதம் என்று கேட்டார்!

புகழ்ந்ததோடு நின்றுவிட்டாரா? இல்லை. காரியிடம் ஒரு குறை இருந்தது. நல்ல புலவன், அரைகுறைப் புலவன் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினான். கொடுப்பது எளிது, ஆளின் தரம் அறிவதுதான் கடினம். எல்லாரையும் ஒன்றாகப் பார்க்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கொடுக்கிற கையைப் பார்த்து இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

பாரி இறந்தான்

கபிலரின் உயிர் நண்பன் பறம்பு மலைத் தலைவன் பாரி. பறம்பு என்பது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள். முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தானே, அந்தப் பாரிதான்.

சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை வளைத்தார்கள். மலைக்குள் பட்டினி இல்லை. மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் உழாமலே கிடைத்தன. கபிலர் மூவேந்தருக்கும் வழி சொன்னார். பறம்பின் 300 ஊர்களும் ஏற்கெனவே கேட்டவர்களுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது பாரியும் நானும்தான். எங்களை வாளால் வாங்க முடியாது. பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வாருங்கள், பாரி தன்னையே கொடுத்துவிடுவான் என்றார்.

மூவேந்தருக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை. பாரியை வஞ்சகமாகக் கொன்றார்கள்.

இரண்டு பெண்கள் அநாதையாக நின்றார்கள். கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோ என்ற அரசனிடம் போனார். பெண்களை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். அவன் மறுத்தான். அடுத்து இருங்கோவேள். நான் இவர்கள் தந்தையின் தோழன். இப்போது இவர்கள் என் மக்கள் என்றார். அவனும் மறுத்தான். மூவேந்தரின் பகை வரும் என்ற பயமாக இருக்கலாம். அரசர்களைச் சிரிக்க வைத்த நாக்கு அன்றைக்கு இரண்டு பெண்களுக்கு ஒரு வீடு தேடித் தரமுடியாமல் நின்றது. இருங்கோவேளை மட்டும் அவர் சும்மா விடவில்லை. புலவரை இகழ்ந்ததால் அவன் முன்னோரின் ஊர் அழிந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

ஆற்று நடுவே

பெண்களை அந்தணர்களிடம் ஒப்படைத்தார் என்று ஒரு பழைய குறிப்புச் சொல்கிறது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்கிறது அது. ஔவையார் வந்து திருமணம் செய்து வைத்தார் என்பது ஊர்க் கதை. கபிலர் தீயில் புகவில்லை, வடக்கு நோக்கி இருந்து உண்ணாமல் உயிர் விட்டார் என்போரும் உண்டு.

இறந்த பாரியை நினைத்துக் கடைசியில் அவர் சண்டை பிடித்தார். இத்தனை வருஷம் உன்னோடு வைத்துக் காப்பாற்றினாய். போகும்போது மட்டும் என்னை அழைத்துப் போகவில்லை. இங்கேயே இரு என்று சொல்லிவிட்டாய். அப்படியானால் உனக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று குறைப்பட்டார். அடுத்த பிறவியிலாவது இருவரும் பிரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

திருக்கோவிலூரில் பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை இருக்கிறது. மேலே சிறிய கோவில். ஊரார் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் இல்லாத நாளில் மணலில் நடந்தே போய்ப் பார்க்கலாம்.