வயலை நிறுத்திப் பள்ளியைத் திறந்தவர்

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் அய்யன்காளியின் நினைவு நாளும் வருகிறது. 1941 ஜூன் 18-இல் அவர் மறைந்தார். பிள்ளைக்கு இடம் கேட்டுப் பள்ளி வாசலில் காத்து நிற்கும் நம் மக்கள் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1863 ஆகஸ்ட் 28-இல் விழிஞ்ஞத்துக்கு அருகே வெங்ஙானூரில், புலையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். நம் குமரி மாவட்டமும் அன்று அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. உழுது விதைத்த மக்கள் பொதுச்சாலையில் நடக்க முடியாது. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. அய்யன்காளியும் எழுதப் படிக்கத் தெரியாதவராகவே வளர்ந்தார். 1893-இல் வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, தடுக்கப்பட்ட சாலையிலேயே அதை ஓட்டிச் சென்றார். அடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்.

அடுத்து அவர் கேட்டது பள்ளி. சொந்தமாக ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி கொளுத்தப்பட்டது. மீண்டும் கட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க அரசு இசைந்தபோதும், பள்ளியை நடத்தியவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கதவைத் திறக்கவில்லை. உத்தரவு காகிதத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் அவர் வயலை நிறுத்தினார். பிள்ளைகளைச் சேர்க்காதவரை வேலைக்கு இறங்குவதில்லை என்று புலையர்கள் உறுதியாக நின்றார்கள். வயல்களில் களை மண்டியது. குடிசைகளில் பட்டினி. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்து அவர்களைத் தாங்கினார்கள். இறுதியில் நிலக்காரர்கள் இறங்கி வந்தார்கள். இந்தியாவின் தொடக்ககால விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் ஒன்று, கூலிக்காக மட்டுமல்ல, பள்ளி இடத்துக்காகவும் நடந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1910-இல் அரசு மீண்டும் உத்தரவிட்டது. திவானையே எதிர்த்து எழுதிய சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து படிப்பதை மட்டும் ஏற்கவில்லை. முற்போக்குக்கும் அன்று சாதி எல்லை இருந்தது.

பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வெளியே இழுத்துச் சென்றார்கள். கைகலப்பு மூண்டது, பள்ளி எரிந்தது. அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது.

1912-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்தவர், ஏழைகளுக்கு நிலமும் கல்விச் சலுகையும் தொடர்ந்து கேட்டார். 1937-இல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. முடித்துப் பார்க்க வேண்டும் என்பதையே தம் ஆசையாகச் சொன்னார்.

இன்று சாதியைச் சொல்லி யாரும் வெளிப்படையாகக் கதவடைப்பதில்லை. இடம் நிரம்பிவிட்டது, சான்றிதழ் குறைகிறது என்று வேறு மொழியில் சொல்கிறார்கள். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பட்டியல் சாதிப் பிள்ளைகளும் அதில் அடங்குவர். ஆனால் சட்டம் தானாக நடந்து பள்ளிக்குப் போகாது என்பதை அய்யன்காளி நமக்குக் காட்டியிருக்கிறார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம். ஒருவர் தயங்கினால் ஊராகச் சேர்ந்து போவோம். நம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே போவோம்.