தொழுநோயாளரின் தோழர் – புனித தமியான் (1840–1889)



நமக்கு ஒரு கஷ்டம் வந்தால் கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கிறோம். அடுத்தவருக்கு வந்தால் பாவம் என்று சொல்லிவிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படிப் போகாத ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ என்ற கிராமத்தில் 1840 ஜனவரி 3ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஜோசப். அண்ணனைப் போலவே துறவற சபையில் சேர்ந்து தமியான் என்று பெயர் பெற்றார். ஹவாய் தீவுகளுக்குப் போக வேண்டியது அண்ணன்தான். ஆனால் காய்ச்சல் கண்டவர்களைக் கவனிக்கப் போன அண்ணனுக்கே டைபஸ் காய்ச்சல் வந்துவிட்டது. அண்ணனுக்குப் பதில் நான் போகிறேன் என்று தம்பி மேலிடத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். நாலு மாதத்துக்கு மேல் கப்பலில் பயணம் செய்து 1864 மார்ச்சில் ஹொனலுலு வந்து சேர்ந்தார். அங்கேயே குருவானார்.

அப்போது ஹவாயில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. மருந்து கிடையாது. அரசாங்கம் 1865இல் ஒரு சட்டம் போட்டு, நோயாளிகளைப் பிடித்து மொலோக்காய் தீவில் கொண்டுபோய் விட்டது. மூணு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. அம்மாவிடமிருந்து பிள்ளையை, கணவனிடமிருந்து மனைவியைப் பிரித்தார்கள். போனவர்கள் திரும்ப முடியாது.

குருக்கள் முறை வைத்து அங்கே போய் வரலாம் என்று ஆயர் ஏற்பாடு செய்தார். நாலு பேர் முன்வந்தார்கள். முதல் முறை தமியானுடையது. 1873 மே 10ஆம் தேதி போய் இறங்கினார். வயது 33. தங்க வீடு இல்லை. ஒரு தாழை மரத்தடியில்தான் படுத்தார். போனவர் திரும்பவே இல்லை!

அவருக்கு மட்டும் அருவருப்பு இல்லையா? இருந்தது. புண்களின் நாற்றம் தாங்காமல் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். ஆனாலும் விலகிப் போகவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே சட்டியில் கைவிட்டுக் கிழங்குக் களி சாப்பிட்டார். தச்சு வேலை தெரிந்தவர் என்பதால் வீடு கட்டினார், கோவிலைப் பெரிதாக்கினார், தண்ணீருக்குக் குழாய் போட்டார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டியும் செய்தார். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பாட்டுக் குழுவும் வாத்தியக் குழுவும்கூட இருந்தன! சாகத்தான் போகிறோம் என்று கிடந்தவர்கள் மனிதர்களாக வாழ ஆரம்பித்தார்கள்.

அவருக்கும் கஷ்டம் இருந்தது. ஒருமுறை சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, ஏறிப் பேச அனுமதி கிடைக்கவில்லை. சிறு படகில் நின்றபடியே, எல்லோர் காதிலும் விழும்படி பாவசங்கீர்த்தனம் செய்தார். நற்கருணை முன் செபித்திருக்காவிட்டால் இங்கே நிலைத்திருக்க முடியாது என்று கடிதத்தில் எழுதினார்.

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தார். தோல் வெந்து கொப்புளம் வந்தது. ஆனால் வலியே தெரியவில்லை! தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். வேலையை நிறுத்தினாரா? இல்லை. இன்னும் வேகமாகக் கட்டினார். 1889 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கட்கிழமை, 49ஆவது வயதில் இறந்தார். முதலில் படுத்திருந்த அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

1936இல் அவர் உடலைப் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1995இல் அருளாளர் பட்டம் கிடைத்தபோது அவருடைய வலது கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்தது. புண்களைக் கட்டிய கை அல்லவா! 2009 அக்டோபர் 11இல் புனிதர் ஆனார்.

அவர் தீவுக்குப் போன அதே 1873இல்தான் நார்வே டாக்டர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இப்போது இந்த நோய் மாத்திரையிலேயே குணமாகிறது. ஆனால் ஒதுக்கி வைக்கும் நோய்க்கு மாத்திரை இல்லை. அதைத் தமியான் மாதிரி பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும்.

துன்பம் ஏன் வருகிறது என்று தமியான் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சிலுவையில் இயேசு நம்மோடு துன்பப்பட்டார் என்று நம்பினார். அதனால் துன்பப்படுகிறவர்களோடு தானும் இருந்தார், அவ்வளவுதான்.

நம்ம வகுப்பிலும் யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? நாளைக்கு மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருவோமா?

– 10ஆம் வகுப்பு 'அ' பிரிவு