லின்னேயஸ் டிரைப்: வைட் ஆங்கிள் இல்லாமலே திருச்சியைப் படம் பிடிச்சவர்

இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வந்த மாசம், வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணியிருந்தேன். கையில இருந்தது கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கலாம்னு ஒரு சீனியர் அண்ணாகிட்ட 10-18 லென்ஸை இரவல் வாங்கிட்டு ஸ்ரீரங்கம் போனேன். ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு, கேமராவை மேல தூக்கி கிளிக் பண்ணினேன். பதிமூணு நிலையும் ஒரே பிரேம்ல வந்துடுச்சு. ஆனா கோபுரம் பின்பக்கமா மல்லாந்து விழற மாதிரி இருந்தது. கீழே அகலம், மேலே கூர்மை, ஓரத்துல இருந்த கடை போர்டெல்லாம் இழுத்து விட்ட ரப்பர் மாதிரி.

இது ஏன்னு தேடப் போனப்போதான், நம்ம ஊரை 1858-லேயே படம் பிடிச்ச ஒரு மனுஷனைப் பத்திப் படிச்சேன். அவர் பேர் லின்னேயஸ் டிரைப். அவர்கிட்ட வைட் ஆங்கிள் லென்ஸ் கிடையாது. ஆனா அவர் படத்துல எந்தக் கட்டடமும் சாயல.

சிப்பாய் கையில கேமரா

டிரைப் 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். 1838-ல், பதினாறு வயசுல, கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்தார். நம்ம வயசுல அவர் ஏற்கெனவே இந்தியாவுல ராணுவ அதிகாரி. கேமரா பக்கம் திரும்பினது அதுக்கும் பத்து வருஷம் கழிச்சு, லீவுல ஊருக்குப் போனப்போ. அப்போ போட்டோகிராபிங்கிறது இன்னைக்கு நமக்கு ஏ.ஐ. மாதிரி, எல்லாரும் பேசுற புது டெக்னாலஜி. 1853-ல் லண்டன்ல போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பிச்ச வருஷமே அவரும் அதுல உறுப்பினர் ஆயிட்டார்.

1854-ல் பெங்களூருக்குத் திரும்பினதும் லீவு எடுத்துக்கிட்டு ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் மெட்ராஸ் கண்காட்சியில அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைச்சது. அதே வருஷம் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மா அரசவைக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினப்போ, டிரைப்பையும் சேர்த்து அனுப்பினார். மழை, உடம்பு சரியில்லாம போறது எல்லாத்துக்கும் நடுவுல 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ் எடுத்தார். அதுல 120 படங்கள் தொகுப்பா வெளியாச்சு.

இந்த வேலையைப் பார்த்துத்தான் 1856-ல் மெட்ராஸ் அரசு அவரை அதிகாரபூர்வ போட்டோகிராபரா நியமிச்சது. இது கலை ஆர்வத்துல மட்டும் நடந்த விஷயம் இல்லைங்கிறதையும் சொல்லணும். ஆளுற நாட்டைக் கணக்கெடுக்கணும், அளக்கணும், பதிவு பண்ணணும்னு கம்பெனிக்கு ஒரு தேவை இருந்தது. சர்வே மேப் எப்படியோ, டிரைப்போட கேமராவும் அப்படித்தான். வடக்கே 1857 கிளர்ச்சி நடந்துக்கிட்டிருந்த நேரத்துலதான் அவர் தெற்கே கிளம்பத் தயாரானார்.

மாட்டு வண்டியில ஒரு டார்க் ரூம்

1857 டிசம்பர்ல தொடங்கின அந்தப் பயணம் நாலு மாசத்துக்கும் மேல நீடிச்சது. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு நம்ம ஊர்ப் பக்கம் முழுக்க சுத்தினார். சாமான் எல்லாம் மாட்டு வண்டியில. அவருடைய நெகட்டிவ் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 10-க்கு 14 இன்ச். அப்போ என்லார்ஜ் பண்ற வசதி நடைமுறையில இல்லை. பிரின்ட் எவ்வளவு பெருசா வேணுமோ, நெகட்டிவும் அவ்வளவு பெருசா இருக்கணும். அப்போ கேமராவும் ஒரு பெட்டி சைஸுக்கு இருக்கணும்.

கண்ணாடித் தகடுல எடுத்தா படம் இன்னும் கூர்மையா வரும். ஆனா ரசாயனம் ஈரமா இருக்கும்போதே எடுத்து, அங்கேயே கழுவணும். நம்ம ஊர் வெயில்ல அது காயுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதனால பெரிய படங்களுக்கு அவர் நம்பினது காகித நெகட்டிவ். மெழுகு ஏத்தின காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம், கழுவுறதையும் கொஞ்சம் தள்ளிப் போடலாம். எடையும் கம்மி, உடையவும் உடையாது. என்ன, ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்குல லென்ஸைத் திறந்து வெச்சிருக்கணும். தெருவுல நடந்து போறவங்க அந்தப் படத்துல பதியவே மாட்டாங்க. டிரைப்போட கோயில் படங்கள் ஊரே காலியான மாதிரி இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வானம் இன்னொரு தலைவலி. அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு ரொம்ப வேகமா வேலை செய்யும். கோபுரத்துக்குச் சரியா எக்ஸ்போஸ் பண்ணினா வானம் திட்டுத் திட்டா வெளுத்துப் போகும். டிரைப் என்ன பண்ணினார்னா, நெகட்டிவ் மேலேயே நிறம் பூசி வானத்தைச் சரி பண்ணினார். சில படங்கள்ல மேகத்தையும் அவரே சேர்த்தார். லைட்ரூம்ல வானத்தை மாத்துறது ஏமாத்து வேலையான்னு நம்ம போட்டோகிராபி கிளப்ல வாரா வாரம் சண்டை நடக்குதே, அது 160 வருஷத்துக்கு மேல பழசு.

லென்ஸ் இல்லாத பிரச்சினை

இப்போ என் கேள்விக்கு வர்றேன். அவர் எப்படி முழுக் கோபுரத்தையும் பிரேமுக்குள்ள கொண்டு வந்தார்?

அன்னைக்கு நிலக்காட்சிக்குன்னு இருந்த சாதாரண லென்ஸ் சுமார் 50 டிகிரிக்கு மேல பார்த்தா ஓரமெல்லாம் மங்கிடும். நம்ம 50 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கேமராவுல பார்க்கிற அளவு அது. 10-18 லென்ஸ் கிராப் சென்சார்ல 10 மி.மீ.ல பார்க்கிறது கிட்டத்தட்ட அதோட ரெண்டு மடங்கு. தாமஸ் சட்டன் தண்ணி நிரப்பின பனோரமா லென்ஸைக் கொண்டு வந்தது 1859-ல். குளோப் லென்ஸ்ங்கிற வைட் ஆங்கிள் அமெரிக்காவுல வந்தது 1860-களின் தொடக்கத்துல. ரெண்டுமே டிரைப் திருச்சிக்கு வந்துட்டுப் போன பிறகு.

அதனால அவருக்கு இருந்த வழி ரெண்டுதான். ஒண்ணு, தள்ளிப் போறது. தூரமா போனா கேமராவை மேல சாய்க்க வேண்டியதில்லை. கேமரா மட்டமா இருந்தா, சென்சாரும் (அவருக்குக் காகிதமும்) சுவரும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கும். இணையா இருந்தா செங்குத்துக் கோடு செங்குத்தாவே விழும். முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங்ல படிச்ச பர்ஸ்பெக்டிவ்தான், வேற எதுவும் இல்லை. என் கோபுரம் சாய்ஞ்சதுக்கு லென்ஸ் மேல பழி போட்டேன். உண்மையில நான் ரொம்பக் கிட்ட நின்னு அண்ணாந்து எடுத்ததுதான் காரணம்.

ரெண்டாவது வழி, ஒட்டுறது. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட அடித்தளத்தைச் சுத்தி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வரிசையா ஓடுது. அதுல ஒரு பகுதியை டிரைப் 21 பிரின்ட்டா எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். போன்ல பனோரமா எடுக்கிற மாதிரி ஒரே இடத்துல நின்னு திரும்பினா சுவர் வளைஞ்சு போகும். சுவருக்கு இணையா கேமராவையே நகர்த்திக்கிட்டே போகணும். தூரம் கொஞ்சம் மாறினாலும் எழுத்தோட அளவு மாறிடும், வெளிச்சம் மாறினா ஒட்டு தெரிஞ்சிடும். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படிச்சுப் புத்தகமா பதிப்பிக்கத் தொடங்கினது 1891-ல். அதுக்கு 30 வருஷத்துக்கு முன்னாடியே அதோட முகம் காகிதத்துல பத்திரமா இருந்தது.

ஸ்ரீரங்கத்துலயும் இதே கதைதான். இன்னைக்கு நாம பார்க்கிற 236 அடி ராஜகோபுரம் முழுசா எழும்பினது 1987-ல். டிரைப் வந்தப்போ அது பாதியில நின்னுபோன அடித்தளம், ஊர்க்காரங்க மொட்டைக் கோபுரம்னு சொன்னது. நம்ம தாத்தா பாட்டி பார்த்த அந்த ஸ்ரீரங்கத்துக்கு உள்ளேதான் அவர் கேமராவோட நடந்திருக்கார்.

கடை மூடிய கதை

பயணம் முடிஞ்சு பெங்களூர் திரும்பி, ஊர் ஊரா ஆல்பம் போட்டார். 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைன்னு தனித்தனி தொகுப்புகள் வெளியாச்சு. ஒவ்வொரு பிரின்ட்டும் வெயில்ல வெச்சு, கையால செய்யணும். அப்புறம் 1859-ல் மெட்ராஸுக்குப் புது கவர்னரா சர் சார்லஸ் டிரெவெல்யன் வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்துல நிவாரணச் செலவை இறுக்கிப் பிடிச்ச அதே டிரெவெல்யன். கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கக் கஜானா காய்ஞ்சு கிடந்தது. போட்டோ எடுக்கிறதெல்லாம் ஆடம்பரம்னு முடிவாகி, 1860-ல் டிரைப்போட வேலை முடிவுக்கு வந்தது.

எனக்கு மனசு கனத்த இடம் இதுதான். அவர் ராணுவத்துக்குத் திரும்பினார். அதுக்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல உயிரோட இருந்தார். 1870 வாக்குல பர்மாவுல எடுத்த சில படங்களைத் தவிர பெருசா எதுவும் எடுக்கல. 1902-ல் பிறந்த ஊரான டெவன்போர்ட்டிலேயே காலமானார். நாம இன்னைக்குப் பேசற டிரைப் எல்லாம் ஏழெட்டு வருஷ வேலை மட்டும்தான். 2014-ல் வாஷிங்டன்ல தொடங்கி, நியூயார்க், லண்டன் மியூசியங்கள்ல அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அந்தச் சுவர்கள்ல நம்ம கோயில்கள் தொங்குச்சு.

அப்போ லென்ஸ் வாங்கலாமா?

நேர்மையா சொல்றேன். டிரைப்புக்குத் தள்ளிப் போக இடம் இருந்தது. இன்னைக்கு ராஜகோபுரத்துல இருந்து தள்ளிப் போனா நடுவுல பஸ், ஒயர், பிளெக்ஸ் எல்லாம் வந்துடும். ஆயிரங்கால் மண்டபத்துக்குள்ள தள்ளிப் போகவே முடியாது. அந்த மாதிரி இடத்துக்கு வைட் ஆங்கிள் தேவைதான். அடிக்கடி கோயில் உள்பக்கம் எடுக்கிறவங்க தாராளமா வாங்குங்க. ஆனா வாங்கினாலும் கேமராவை மட்டமா பிடிங்க. கீழே தரை அதிகமா வந்தா வரட்டும், அப்புறம் வெட்டிக்கலாம். சும்மா மலைக்கோட்டையும் காவிரியும் எடுக்கத்தான்னா, கிட் லென்ஸ்லயே 18 மி.மீ. இருக்கு. நாலு படம் எடுத்து ஒட்டினா போதும்.

நான் என்ன பண்ணினேன்? 10-18-ஐ அண்ணாகிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். ஸ்டைபெண்ட்ல ஒரு நல்ல டிரைபாட் வாங்கினேன். மீதிக் காசு, செமஸ்டர் லீவுல தஞ்சாவூர் போக. விமானத்தோட அடித்தளத்துல 21 ஃபிரேம் எடுத்து ஒட்டிப் பார்க்கணும். ஒட்டு தெரியாம வந்தா அடுத்த இதழ்ல போடறேன்.