மந்திரிசபையை எதிர்த்த கட்டமஞ்சியார்

சித்தூர் நகரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880 டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ராமலிங்க ரெட்டி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் சீமையில் கேம்பிரிட்ஜிலும் படித்தார். பரோடாவிலும் மைசூரிலும் கல்விப் பணி. தெலுங்கில் கவிதையும் விமர்சனமும் எழுதிப் புகழ் பெற்றவர். கடைசிவரை பிரம்மசாரி.

அன்று சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மாகாணச் சட்டசபையில் ரெட்டி நீதிக்கட்சி உறுப்பினராக இருந்தார். பனகல் ராஜா முதல் மந்திரி. அவரோடு சேர்ந்து மந்திரிகள் மூவரும் தெலுங்கர்களே. தமிழ் உறுப்பினர்கள் முணுமுணுத்தனர். பதவிகள் சிலருக்கே போகின்றன என்ற புகாரும் எழுந்தது. கட்சி உடைந்தது. தெலுங்கரான ரெட்டியே வெளியேறி எதிர்வரிசைக்குத் தலைமை ஏற்றார் என்பதைத் தமிழர்கள் கவனிக்க வேண்டும்.

1923 தேர்தல் முடிந்து நவம்பர் 27-ந் தேதி சபை கூடியதும், மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். இந்தியச் சட்டசபைகளில் இதுவே முதலாவது என்பர். 127 பேர் கொண்ட சபையில் 98 பேரே வாக்காளர்கள் அனுப்பியவர்கள். மற்றவர்கள் நியமனம் முதலிய வழிகளில் வந்தவர்கள். தீர்மானம் தோற்றது. ஆனாலும் அதற்கு முன்பே தமிழரான சிவஞானம் பிள்ளை மந்திரிசபையில் இடம் பெற்றுவிட்டார். முணுமுணுப்பு வீண்போகவில்லை!

கட்சியின் பலத்தில் சபைக்கு வந்தவர் அதை எதிர்க்கலாமா என்ற கேள்வி பழையது. இங்கிலாந்தில் எட்மண்ட் பர்க், வாக்காளர் கட்டளைக்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்று 1774-ல் பிரிஸ்டல் மக்களிடமே சொன்னார். ஆறு வருஷத்தில் அந்த ஊர் அவரைக் கைவிட்டது. ரெட்டியின் காலத்தில் கேள்வி இன்னும் சிக்கலானது. சொத்தும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு, கூலிக்காரனுக்கு இல்லை. அப்படியிருக்க, மக்கள் விருப்பம் என்பது யாருடைய விருப்பம்? கட்சித்தாவல் தடைச் சட்டமும் அப்போது கிடையாது. அது 1985-ல் வந்தது. இன்று கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும்.

ரெட்டியிடம் குறை இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் நிலைக்காதவர் என்று ஏசினார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பதவிக்காக ஒட்டிக்கொண்டிருந்தார் என்று எவரும் சொல்ல முடியாது. 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது சர்க்கார் நடத்திய அடக்குமுறையைக் கண்டித்து 1930-ல் அதையே ராஜினாமா செய்தார். அது ஓட்டுக் கேட்டு வந்த பதவியல்ல. இருந்திருந்தாலும் யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு வந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1936-ல் ரெட்டி மீண்டும் அழைக்கப்பட்டு 1949 வரை இருந்தார்.

1951 பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. கட்டமஞ்சியின் கூலியாட்கள் முதன்முறையாக ஓட்டுச்சாவடிக்குச் சென்றபோது அவர் இல்லை.