சிங்க்குக்கு அடியில் ஒரு கடிகாரக்காரர்



கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்கச் சாக்கடை நாற்றம். ஒவ்வொரு ஜூன் மாதமும் சங்கத்துக்கு வரும் புகார் இது. அடைப்பு இருக்காது, குழாயிலும் உடைப்பு இருக்காது. காரணம் சிங்க்குக்கு அடியில் உள்ள ஒரு வளைவு. அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

அலெக்சாண்டர் கம்மிங் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், 1730-களின் தொடக்கத்தில் பிறந்தவர். தொழில், கடிகாரம் செய்வது. இளம் வயதில் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள இன்வரேரி என்ற ஊரில் ஆர்கைல் கோமகனுக்காக வேலை செய்தார். பிறகு லண்டன் வந்து, பாண்ட் தெருவில் கடை வைத்தார்.

அந்தக் காலத்தில் நடுக்கடலில் போகும் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சொல்ல, நேரம் தவறாத ஒரு கடிகாரம் தேவைப்பட்டது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் அதைச் செய்து காட்டினார். அதை ஆராய 1763-ல் அமைத்த குழுவில் கம்மிங்குக்கும் இடம் கிடைத்தது. 1765-ல் அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு அவர் ஒரு கடிகாரம் செய்து கொடுத்தார். அது நேரம் காட்டியதோடு, காற்றழுத்தம் ஏறி இறங்குவதையும் தானாகவே தாளில் கோடாக வரைந்துகொண்டே போகும். அடுத்த ஆண்டு கடிகார வேலை பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இவ்வளவு நுட்பமான வேலை செய்தவர் 1775-ல் காப்புரிமை பெற்றது ஒரு கழிப்பறைக்கு! தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறைக்கு இங்கிலாந்தில் தரப்பட்ட முதல் காப்புரிமை அதுதான்.

அப்படிப்பட்ட கழிப்பறை அதற்கு முன்பே இருந்தது. சர் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அதில் குழாய் நேராகக் கழிவுக்குழிக்குள் இறங்கியது. கழிவு கீழே போகும் அதே வழியில் நாற்றம் மேலே ஏறி வரும். வீட்டுக்குள் கழிப்பறை வைக்கவே பலர் தயங்கினார்கள்.

கம்மிங் அந்தக் குழாயை ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைத்தார். தண்ணீர் ஊற்றியதும் கழிவு போய்விடும். கடைசியாக வந்த தண்ணீர் கொஞ்சம் வளைவின் அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரே மூடி. அடுத்த முறை ஊற்றும்போது பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்து நிற்கும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. பல் சக்கரமும் சுருள்வில்லுமாகவே வாழ்ந்த ஒருவரிடமிருந்து இப்படி ஒரு எளிய யோசனை வந்தது.

வளைவுக்கு மேலே, கிண்ணத்தின் அடியில், ஓர் இழுப்பு வால்வும் வைத்திருந்தார். அது சரியாக மூடாமல் தொல்லை கொடுத்தது. 1778-ல் ஜோசப் பிராமா அதற்குப் பதிலாகக் கீல் வைத்த மூடியைப் பொருத்தினார். வால்வு மாறியது. வளைவு மட்டும் மாறாமல் நிலைத்தது. பின்னாளில் அதுவே 'பி' ட்ராப், பாட்டில் ட்ராப் என்று பல வடிவம் எடுத்து, கழிப்பறையைத் தாண்டிச் சமையலறைக்கும் வந்தது.

1783-ல் எடின்பரோ ராயல் சங்கத்தைத் தொடங்கிய உறுப்பினர்களில் கம்மிங்கும் ஒருவர். வண்டிச் சக்கரங்கள் சாலையை எப்படிக் கெடுக்கின்றன என்றும் ஆராய்ந்து எழுதினார். 1814 மார்ச்சில் லண்டனில் காலமானார். மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட், பிற்பாடு கம்மிங்கின் காற்றழுத்தக் கடிகாரம் ஒன்றை வாங்கி, அதை வைத்து லண்டன் வானிலையைப் பதிவு செய்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ட்ராப்பில் தண்ணீர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். சேலம், நாமக்கல் வெயிலில், பூட்டிய வீட்டில் அது சில வாரங்களில் வற்றிவிடும். மூடி போனதும் வாயு நேராக உள்ளே வரும். ஊருக்குப் போகும் முன் சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரையில் உள்ள நஹானி ட்ராப் ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

சில வீடுகளில் சிங்க்கிலிருந்து வளையும் பிளாஸ்டிக் குழாயை நேராகத் தரை ஓட்டைக்குள் சொருகிவிடுகிறார்கள். இதில் வளைவே இல்லை. பாட்டில் ட்ராப் ஒன்று வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். குழாய் தரைக்குள் நுழையும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ரப்பர் வளையம் போட வேண்டும்.

தண்ணீர் மெதுவாக இறங்கினால் அடியில் வாளி வைத்து, பாட்டில் ட்ராப்பின் கீழ்க் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவு எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை உடைந்துவிடும். ஆசிட் ஊற்ற வேண்டாம். மாட்டிய பின் தண்ணீர் விட்டு, கசிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வளைவு நம்மைக் காப்பாற்றுகிறது. குழாயின் மறுமுனையில், செப்டிக் டேங்குக்குள் இறங்குகிறவருக்கு அப்படி ஒரு தண்ணீர் மூடி இல்லை. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் முதலில் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைப்பதற்குள் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போன உயிரை அந்தப் பணம் கொண்டுவராது. டேங்க் நிரம்பினால் உறிஞ்சு லாரிதான் வர வேண்டும். செலவு மிச்சம் என்று ஆளை இறக்க யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அதனால் வடை சுட்ட எண்ணெய், முட்டை ஓடு, டீத்தூள் எதையும் சிங்க்கில் போடாதீர்கள். நாப்கினையும் துணியையும் கழிப்பறையில் போடாதீர்கள். அடைப்பு குறைந்தால், மறுமுனையில் ஆள் இறங்க வேண்டிய பேச்சும் குறையும்.

இந்த வாரம் ஒருமுறை சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வளைவு இருக்கிறதா?