கணக்கில் வராத எடையைக் கண்டவர்

1933ஆம் ஆண்டு, வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி போட்ட கணக்கு ஒன்று உதைத்தது.

பூமியிலிருந்து 30 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், கோமா கொத்து என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் ஒன்றாகத் திரண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் வேகம் அவரைத் திகைக்க வைத்தது. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும்தான் என்றால், அந்தக் கொத்து எப்போதோ சிதறிப்போயிருக்க வேண்டும். ஒளிரும் பொருளைப்போல் சுமார் 400 மடங்கு அங்கே இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டார். ஒளி தராத அதை இருண்ட பொருள் என்றே ஜெர்மன் மொழியில் எழுதினார். அந்த 400 மிகை. அக்காலத்தில் விண்வெளித் தூரங்களைத் தவறாகக் கணித்திருந்தனர். முடிவு மட்டும் நிலைத்தது.

பல்கேரியாவின் வார்னா நகரில் 1898இல் பிறந்தவர் சுவிக்கி. தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். ஆறு வயதில் அவரைத் தாத்தா பாட்டியிடம் சுவிட்சர்லாந்துக்குப் படிக்க அனுப்பினர். 1925இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். வெடித்த விண்மீன் நியூட்ரான் விண்மீனாக மிஞ்சும் என்று வால்டர் பாடேயுடன் சேர்ந்து 1934லேயே சொன்னார்.

இருண்ட பொருளை மட்டும் ஏன் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? அவருடைய வாய்தான் காரணம் என்பார்கள். சக ஆய்வாளர்களைக் கடுமையாகத் திட்டுவார். பாடேயுடனும் பின்னர் பகை. எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. சரிபார்க்க அன்று கருவியும் இல்லையே! அதே மனிதர்தான், உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்கு அறிவியல் நூல்களைத் திரட்டி அனுப்பியவர்.

1970 டிசம்பர் 12ஆம் தேதி, கென்யாவின் சுதந்திர தினத்தன்று, அந்நாட்டுக் கடலோரத்திலிருந்து உஹுரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. சுவாஹிலி மொழியில் உஹுரு என்றால் சுதந்திரம். கோமா கொத்திலிருந்து எக்ஸ்ரே கதிர் பரவலாக வருவதை அது பதிவுசெய்தது. மண்டலங்களுக்கு இடையே, பல கோடி டிகிரி வெப்பத்தில் வாயு நிறைந்திருந்தது. எக்ஸ்ரே கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால்தான் அத்தனை காலம் தெரியவில்லை.

கொத்தின் எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் அந்த வாயுவின் எடைக்கு ஈடாகாது. ஆனாலும் சுவிக்கியின் கணக்கு தீரவில்லை. அவ்வளவு சூடான வாயு கலைந்து ஓடாமல் இருக்கவே, இன்னும் பெரிய ஈர்ப்பு தேவைப்பட்டது.

1972இல் பிரிட்டனின் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1974 பிப்ரவரி 8ஆம் தேதி, 76ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கையில், பசடீனாவில் காலமானார். கடைசிவரை சுவிஸ் குடியுரிமையை விடாதவரை, சுவிட்சர்லாந்தின் மொல்லிஸ் கிராமத்தில் அடக்கம் செய்தனர்.